கிணற்றுத் தண்ணீரில் கழுவிய படகு

எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு வாப்பா அதைப் பலமுறை இறைத்து, சேறு வாரி, மீண்டும் ஊறவிட்டார். ஊறியது நல்ல தண்ணீர் என்று அவர் சொன்ன பின் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. எங்கள் வழக்கப்படி, மணமுடித்து என் வீட்டுக்குக் குடிவந்த என் கணவர் மட்டும் முதல் நாள் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் கரிக்குது" என்றார். அவர் வயல் பக்கத்து ஊர்க்காரர்.

"வயக்காட்டு மாப்பிள்ளைக்குக் கடல் காத்துப் பட்டாலே கரிக்கும் போல" என்று உம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் மனத்தாங்கலும் இருந்தது. என் கணவர் அதன்பின் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

கரையில் எல்லோரும் ஃபைபர் படகுக்கு மாறிய காலத்தில் வாப்பா ஒரு பழைய இரும்புப் படகை வாங்கி வந்தார். "காக்கா பழைய இரும்பு யாவாரம் தொடங்கிட்டார்" என்று கரையில் வாப்பாவைக் கேலி பேசினார்கள். அந்தப் பருவத்துக்குள் அதைக் கடலில் ஓட்டிக் காட்டுவது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

வாடைக் காற்று ஓய்ந்ததும் வேலை தொடங்கியது. துருப்பிடித்த இரும்பிலிருந்து சுத்தியலால் கறளைத் தட்டி உதிர்ப்பது, கம்பி பிரஸ்ஸால் தேய்ப்பது, மறுபடியும் தட்டுவது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து நானும் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வாரம் சோற்றிலும் கறள் மணத்தது. தொழுகையில் தக்பீருக்குக் கையை உயர்த்தவே வாப்பாவுக்குத் தோள் நொந்தது.

இரும்பு வெளுத்துத் தெரிந்த அன்று அதைக் கழுவ வேண்டும். நீர் புகாப் பூச்சுக்கு அடியில் உப்பின் சுவடும் இருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவலாமே என்றேன்.

"பைப் தண்ணியில மருந்து கலந்திரிக்கி, இரும்பத் திண்டிரும். நம்மட கிணறு இரிக்கக்குள்ள பைப் எதுக்கு?" என்றார் வாப்பா.

என் கணவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். "தண்ணி கரிக்குதெண்டு நீங்க வாப்பாட்டச் செல்லுங்களேன்."

"ஒருக்காச் சென்னது போதும்" என்றார்.

கழுவி உலர்ந்த இரும்பில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். எனக்கு இரும்பின் சுவைதான் தெரிந்தது. சந்தேகமாக இருக்கிறது என்றாவது வாப்பாவிடம் நான் சொல்லியிருக்கலாம். அவரோடு வாதாட அன்று எனக்குச் சீவனில்லை.

இரண்டு கைப் பூச்சு அடித்தோம். படகு கடலுக்குப் போனது, கேலியும் அடங்கியது. ஒரு மாதம் கழித்துக் கரையேற்றிப் பார்த்தால், நீர்மட்டத்துக்குக் கீழே பூச்சு முழுவதும் அம்மை போட்டது போலக் கொப்புளங்கள். வாப்பா ஒன்றை நகத்தால் கிள்ளினார். உள்ளே புதுக் கறள் இருந்தது. பூச்சு விற்றவர் வந்து பார்த்து, உப்பின் மேல் பூசியிருக்கிறீர்கள் என்றார்.

வாப்பா வீட்டுக்கு வந்து, கிணற்றில் ஒரு கிளாஸ் தண்ணீர் அள்ளி என் கணவரிடம் நீட்டினார்.

"உண்மையச் செல்லுங்க, மருமகன். கரிக்குதா?"

"ஓம் மாமா. கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நல்லாவே கரிக்குது."

"அல்லாவே! நாலு வருசமாக் கரிக்கிற தேத்தண்ணியக் குடிச்சிட்டு வாயத் தொறக்காம இரிந்திரிக்காரே, இந்த மனிசன்!" என்றார் உம்மா, அடுப்படியிலிருந்து.

வாப்பா சிரிக்கவில்லை. மீதித் தண்ணீரை வாங்கித் தானும் குடித்துப் பார்த்தார். "எனக்குக் கரிப்பு விளங்குதில்ல" என்றார்.

அந்தப் பருவம் அப்படியே போயிற்று. பூச்சைச் சுரண்டியெடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். இம்முறை கழுவும் தண்ணீர் என் கணவரின் ஊரிலிருந்து பவுசர் லொறியில் வந்தது. வாப்பாவால் தோளைத் தூக்க முடியவில்லை. நிழலில் கதிரை போட்டு அமர்ந்து, "அடியில பாருங்க, மருமகன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூச்சு கொப்புளிக்காமல் நின்றது. இரண்டு பருவம் அவர் அந்தப் படகில் போய் வந்தார்.

பிறகு வாப்பா மௌத்தானார். அடுத்த நோன்புக்கு உம்மாவும் இல்லை. படகை வேறு ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொண்டுபோய்விட்டார். இப்போது குழாய்த் தண்ணீரில்தான் தேநீர் வைக்கிறேன். சில நாள் கிணற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்க்கிறேன். இன்றும் எனக்கு அது கரிப்பதில்லை. வீட்டில் நானும் என் கணவரும் இருக்கிறோம்.