தலைப்பில்லாத தாள்

முல்லைத்தீவுக் கரையில் இறங்கி நிற்கிறேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கிறது. வெயில் தாங்காமல் மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் நுழைகிறேன். வாசலில் ஓர் அலுவலர் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையையும் வரவுத் தாளையும் ஒன்றாக நீட்டுகிறார். பெயரை எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், கதிரைகள் அத்தனையும் வெறுமையாய்க் கிடக்கின்றன. கரையில் மணல் அள்ளுவது பற்றி ஊராரின் கருத்தைக் கேட்கும் கூட்டமாம். ஊரோ வெளியே, பூவரச மரத்தடியில் நின்று யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவரும் வாசல்படி ஏறுவதாயில்லை.

நானும் கோப்பையோடு வெளியே போகிறேன். கருவாடு காயப்போட்ட கையோடு வந்திருக்கும் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"உள்ளுக்க கையெழுத்து வைச்சனீங்களோ?"

"ஓம், வரவுக்குத்தானே."

"நாங்களும் போனமுறை வரவுக்கெண்டுதான் வைச்சனாங்கள். பிறகு அதே தாளைக் காட்டி, மணல் அள்ள ஊர் சம்மதிச்சிட்டுது எண்டு சொன்னவை. தாளின்ர தலைப்பில என்ன எழுதிக் கிடந்தது?"

யோசித்துப் பார்க்கிறேன். தலைப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறேன். "என்ர பேரை வெட்டிவிடுங்கோ. நான் இந்த ஊர் ஆளில்லை."

அலுவலர் தாளை ஃபைலுக்குள் வைத்து மூடிக்கொண்டே சிரிக்கிறார்.

"ஊர்ப்பேர் எழுத மறந்திட்டீங்கள், ஐயா. நானே எழுதிவிட்டன்."