ஐரின் அடித்த பதினேழாம் விதி

ஐரினுக்கு வாயில்லை என்று சாந்தோமில் நினைத்தவர்கள் எல்லாரும் நன்றாக ஏமாந்தார்கள். அந்தக் கதைதான் இது.

மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. இண்டர்மீடியட்டைத் தனியாகப் படித்துப் பாஸ் பண்ணியே தீருவது என்று உட்கார்ந்திருந்தாள். புத்தகங்களெல்லாம் சாந்தோம் வாசகசாலையில் இருந்தன. ஆனால் பெண்கள் அங்கே மெம்பர் ஆக முடியாது. தம்பி பிலிப் எடுத்துக்கொண்டு வந்தால் உண்டு. அந்த மகராசன் சரித்திரம் கேட்டால் சமையல் புத்தகம் கொண்டுவருவான்.

வாசகசாலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாதிரிப் பார்லிமெண்ட் நடத்தினார்கள். டில்லியில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்த காலம். அதன் வரைவைப் பார்த்தே இவர்களும் விதி செய்துகொண்டார்கள். கூடத்தில் கீழ்சபை, இளவட்டங்கள் இருபத்து நாலு பேர். பக்கத்து அறையில் பிரம்பு நாற்காலி போட்டு மேல்சபை, பென்ஷன்காரர்கள் பன்னிரண்டு பேர். மசோதா மூன்று வாசிப்பு தாண்ட வேண்டும்: அறிமுகம், பிரிவு பிரிவாக விவாதம், கடைசியில் ஓட்டு. இரண்டு சபையிலும் தேறியதை வாசகசாலைச் சங்கம் நிஜமாகவே அமல்படுத்தியாக வேண்டும்.

சுருக்கெழுத்து தெரிந்த ஆண்பிள்ளை ஒருத்தனும் இல்லாததால், சபாநாயகர் மேஜைக்கு முன்னால் ஐரினைக் காரியதரிசியாக உட்கார வைத்தார்கள். எழுதலாம், பேசக்கூடாது, ஓட்டும் கிடையாது. விதிகளை டைப் அடித்ததும் அவளே.

1949 பிப்ரவரி ஆறாம் தேதி, பெண்களையும் மெம்பர் ஆக்கும் மசோதாவைப் பிலிப் கொண்டுவந்தான். அக்கா எழுதிக் கொடுத்ததுதான், வேறென்ன! பதினாறுக்கு ஏழு என்று கீழ்சபையில் தேறியது. அன்றே ஐரின் அதை மேல்சபைத் தலைவர் விக்டரிடம் நீட்டினாள். முப்பது வருஷம் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்தவர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கை தானாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதும். அவள் நீட்டிய ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, மசோதாவை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

மார்ச்சில் பிலிப் கேட்டால், "பார்க்கலாம்." மே மாதம் கேட்டாலும், "பார்க்கலாம்." வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும், சும்மா இருந்தால் தானாகச் செத்துப்போகும் என்பது கிழவர் கணக்கு. ஐரின் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி, சபாநாயகர் அப்துல் வஹீதின் முன்னால் இரண்டு காகிதங்களை வைத்தாள். கச்சேரி ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர்.

"இன்னாம்மா இது?" என்று வாங்கிப் படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினேழாம் விதி: ஒரு சபை மசோதாவை ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் போட்டால், இரண்டு சபையும் ஒன்றாகக் கூடி ஓட்டெடுக்க வேண்டும். கூடவே மசோதா வந்து சேர்ந்ததற்கு விக்டர் போட்ட கையெழுத்து, பிப்ரவரி தேதியோடு.

அடுத்த ஞாயிறு கூட்டுக் கூட்டம். பென்ஷன்காரர்கள் பன்னிரண்டு பேரும் ஆஜர். கீழ்சபையில் இரண்டு பேர் மட்டம். விக்டர் எடுத்த எடுப்பிலேயே எழுந்தார்: "மெம்பர் இல்லாதவங்க சபையில இருக்கக்கூடாது. அந்தப் பொண்ணை வெளியே அனுப்புங்க!"

"அனுப்பலாம் சார்," என்றார் வஹீத். "அப்பால நீங்க பேசறத எவன் எழுதுவான்? குறிப்பு இல்லாத கூட்டம் செல்லாதுன்னு விதியிலயே கீதே!"

விக்டரின் பேச்சு ஏட்டில் ஏறாமல் போவதா? உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து முக்கால் மணி நேரம் பெண்கள் படிப்பதால் குடும்பம் கெடுவதைப் பற்றிப் பேசினார். ஐரின் ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

ஓட்டுக்கு எழுந்து நின்றார்கள். அவள் எண்ணினாள். மேல்சபையிலிருந்து இரண்டு கிழவர்கள் ஆதரவுப் பக்கம் நிற்பதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"நீயே படிம்மா," என்றார் வஹீத்.

ஒன்றரை வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவள் குரல் கேட்டதே இல்லை. "ஆதரவு பதினெட்டு. எதிர்ப்பு பதினைந்து. மசோதா நிறைவேறியது." கடைசி நாற்காலி வரை கேட்டது.

மறுநாள் சுதந்திர தின லீவு. அதற்கு மறுநாள் ஆபீஸ் விட்டதும் டிராம் பிடித்து நேரே வாசகசாலைக்குப் போனாள். நூலகக்காரர் பழக்கத்தில் பேனாவை எடுத்து, "பிலிப் பேர்லதானேம்மா?" என்றார்.

"இல்லை. ஐரின்னு எழுதுங்க," என்றாள்.