மலை தெரியும் ஜன்னலும் ஒரு ஃப்ராடும்

“ஃப்ராடுனா கரெக்டா இன்னா மேடம் அர்த்தம்?”

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை கேட்ட கேள்வி இது. குட்மார்னிங் கிடையாது. காபி ஆச்சா கிடையாது. நேரே கேள்வி.

ஏழுமலைக்கு வீடு பக்கத்துத் தெருவில். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பம். இங்கே ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீடு கட்டி, கீழே குடியிருந்துகொண்டு, கீழே ஓர் அறையும் மாடியில் ஓர் அறையுமாக வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார். நான் கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள். அதனால் இந்த வட்டாரத்தில் இங்கிலீஷ் என்று எது வந்தாலும் — மருந்து பாட்டில், பேங்க் மெசேஜ், வாஷிங் மெஷின் மேனுவல் — கடைசியில் என் கேட்டுக்குத்தான் வரும்.

போனை நீட்டினார். அறை புக் பண்ணுகிற சைட். அவர் பெயரிலேயே இருக்கிற அவருடைய கெஸ்ட் ஹவுஸ். கீழே ஒற்றை ஸ்டார். அதற்குக் கீழே இங்கிலீஷில் மூன்றே வரி. தமிழில் சொன்னால் இப்படி: மலை தெரியும் என்றார்கள். சுவர் தெரிகிறது. இது ஃப்ராடு.

“யார் எழுதினது?”

“மேல் ரூம்ல இருக்கிறவரு.”

“இருந்தவரா?”

“இருக்கிறவரு மேடம். இப்பதான் டீ குடுத்துட்டு வரேன்.”

அதாவது, இவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, இவர் வீட்டு வைஃபையில், இவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். ஏழுமலைக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கவலையெல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

நியாயம்தானே? தமிழில் நாம் ஃப்ராடை எப்படிப் புழங்குகிறோம்? இரண்டாவது காபியைக் குடித்துவிட்டு முதல் காபியே வரவில்லை என்கிற என் வீட்டுக்காரர் — ஃப்ராடு. வயிற்றுவலி என்று ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு மத்தியானம் பிரியாணி கேட்கிற பேத்தி — ஃப்ராடு. மோசடி என்றால் அது பேப்பரில் வருவது, போலீஸ், போட்டோ எல்லாம் உண்டு. ஃப்ராடு அப்படியில்லை. கன்னத்தைக் கிள்ளிக்கொண்டே சொல்லலாம். சட்டப் புத்தகத்தில் ஃபோர் ட்வென்டி என்ற எண்ணையே மாற்றிவிட்டார்கள், நாம் இன்னும் அடுத்த வீட்டுக்காரரை அந்த எண்ணால்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

“எங்க வீட்டுக்காரி கஸ்தூரி என்னை ஒரு நாளைக்கு நாலு வாட்டி ஃப்ராடுனு சொல்லுவா. அந்த மாதிரி தானே மேடம் இதுவும்?”

முப்பது வருஷப் பழக்கம். பொய் சொல்ல வரவில்லை.

“இல்லைங்க ஏழுமலை. இங்கிலீஷ்ல அது கிரிமினல் குத்தம். வேணும்னே ஏமாத்தினவன்னு அர்த்தம்.”

அவர் கேட்டை விட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்ல வராங்க மேடம். பொண்ணு பாத்தாச்சு, புடிச்சிருச்சு. பேசி முடிக்கத்தான் வராங்க. மாப்பிள்ளையோட அண்ணன் ஒருத்தரு இருக்காரு. ஓட்டல்ல இட்லி சாப்பிடறதுக்கு முன்னாடி கூட போன்ல எத்தினி ஸ்டாருனு பாக்கிற ஆளு. எங்க பேரைப் போட்டுப் பாக்காம இருப்பாரா?”

இருக்க மாட்டார். எனக்கே தெரிந்தது. பெண்ணின் அப்பா பெயரைத் தட்டினால் முதலில் வருவது கிரிமினல் குற்றம்.

கோர்ட்டில் கேட்டுக் கேட்டு எனக்கு ஃப்ராடின் பக்குவம் மனப்பாடம், நாலே சாமான்தான். ஒருவர் பொய் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தே சொல்ல வேண்டும். எதிராளி அதை நம்ப வேண்டும். நம்பியதால் அவருக்கு நஷ்டம் வர வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் அது ஃப்ராடு ஆகாது, வெறும் வாழ்க்கை.

விசாரணையை அங்கேயே ஆரம்பித்தேன்.

“மேல் ரூம் ஜன்னல்ல மலை தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு மாடி எழுப்பினாரே, அதுக்கு அப்புறமும் தெரியுதா?”

“மலை எங்க மேடம் போயிடும்? அங்கதானே இருக்கு. நான் டெய்லி காலையில டீ குடுக்கப் போறப்ப அந்த ஜன்னல்ல நின்னுதான் கும்புடறேன்.”

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். எங்கள் ஊரில் மலையேதான் சாமி; மலையைக் கும்பிட அதைப் பார்க்க வேண்டும் என்ற அவசியமில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு, நாலு தலைகளுக்கு நடுவே, மலை இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போடுவோம். வீட்டுக்குள் மிக்ஸி போடுவதற்கு முன் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ஏழுமலை அந்த ஜன்னலில் பார்ப்பது மலையைத்தான். நடுவில் பூசாத சிமென்ட் சுவர் இருப்பது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஆக, தெரிந்தே சொன்ன பொய் இல்லை. இரண்டாவது சாமான் அவுட். ஏழுமலை நிரபராதி.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த சைட்டில் ‘தடையே இல்லாமல் முழு மலையும் தெரியும் ஜன்னல்’ என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது நான்தான்.

எழுதும்போது அது நிஜம். பிறகு பக்கத்தில் தூண் எழுந்தபோது ஏழுமலை ஒரு பை வேர்க்கடலையோடு வந்து கேட்டார்: “மேடம், பக்கத்துல கட்டறாங்களே, நீங்க எழுதினதை மாத்தணுமா?” எனக்கு அன்றைக்கு சீரியல் முக்கியமான கட்டத்தில் இருந்தது. “யாருங்க அதெல்லாம் படிக்கிறாங்க? அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். அதன் பிறகு தினமும் காய் வாங்கப் போகும்போது அந்தச் சுவர் வளர்வதைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். வேர்க்கடலையையும் அவித்துச் சாப்பிட்டாயிற்று.

பொய். தெரிந்தே. இரண்டு சாமானும் என் வீட்டில்தான் இருந்தன.

ஏழுமலை இதை எனக்கு ஞாபகப்படுத்தவே இல்லை. “ஒரு வார்த்தை அவர்கிட்ட இங்கிலீஷ்ல பேசுங்க மேடம்” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

போனேன். ஏழுமலையும் கூடவே வந்தார். மேல் அறைக்காரர் நெதர்லாந்துக்காரர், எழுபது வயது இருக்கும். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரால் மலை சுற்ற முடியாது. மொட்டை மாடி ஏறவும் முடியாது. ஜன்னலில் உட்கார்ந்து மாதம் முழுக்க மலையைப் பார்க்கலாம் என்று படித்துவிட்டு, அதற்காகவே இந்த ஒரு மாடியை உயிரைக் கொடுத்து ஏறியிருக்கிறார். வந்து ஒன்பது நாள் ஆகிறது. இனி ஒரு தடவை இவ்வளவு தூரம் வரமுடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நம்பினார், நஷ்டம். மூன்றும் நாலும்.

“மற்ற எல்லாவற்றையும் கூடப் பொறுத்துக்கொள்வேன்” என்றார். “இந்த மனிதர் தினமும் காலையில் டீயோடு வந்து, என் முன்னாலேயே அந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிடுகிறார். மலை தெரிவது போலவே நடிக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.”

நடிப்பு இல்லை என்று விளக்கினேன். பஸ்ஸில் போடுகிற கும்பிடு, மிக்ஸிக்கு முன் போடுகிற கும்பிடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏழுமலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்: “அப்படியென்றால் அந்த வரிகளை எழுதியது யார்?”

ஏழுமலைக்குக் கேள்வி புரிந்துவிட்டது. என் காதோரம் சொன்னார்: “நான்தான்னு சொல்லிடுங்க மேடம். உங்களுக்கு எதுக்கு அசிங்கம்.”

பாருங்கள் என் நிலைமையை. கோர்ட்டில் சாட்சி என்ன சொன்னாலும் மாற்றாமல் அப்படியே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பொய்யா நிஜமா என்பது மொழிபெயர்ப்பாளர் கவலை இல்லை. ‘தான்தான் எழுதியதாகச் சொல்கிறார்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். தொழில் சுத்தமாகவும் இருக்கும், வீட்டுக்குப் போய் டிபனும் சாப்பிடலாம். வாயைக் கூடத் திறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பேசி முடிக்க வேண்டிய மனிதர், எனக்கு அசிங்கம் வரக்கூடாது என்று நிற்கிறார். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு வந்து ரொம்ப வருஷமாகிறது.

எழுதியது நான்தான் என்றேன். சுவர் வந்தது தெரியும், மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை என்றும் சொன்னேன்.

“மேடம், ‘மீ’னு எதுக்குச் சொன்னீங்க?” என்று ஏழுமலை முணுமுணுத்தார்.

நெதர்லாந்துக்காரர் “யோசிக்கிறேன்” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஏழுமலை அவரைக் கீழ் அறைக்கு மாற்றினார். அங்கும் ஜன்னலில் மலை கிடையாது. ஆனால் கஸ்தூரி துணி துவைக்கிற கல் இருக்கிற மூலையில், இரண்டு வீடுகளுக்கு நடுவே, உச்சியிலிருந்து பாதி வரை மலை தெரியும். அது இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை, துணி துவைக்கிற இடத்தை யார் விருந்தாளிக்குக் காட்டுவார்கள்? இப்போது அவர் காலையிலும் மாலையிலும் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருகிறார். தண்ணீர் தெறித்தாலும் நகர்வதில்லை. “நகருங்கனு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?” என்று கஸ்தூரி என்னைக் கேட்டுவிட்டுப் போனாள்.

நான் சைட்டில் எழுதியதை மாற்றிவிட்டேன். ‘ஜன்னலில் சுவர் தெரியும். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால் பாதி மலை தெரியும்.’ எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான விளம்பரம் இந்த ஊரில் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் அந்த ஒற்றை ஸ்டார் அப்படியேதான் இருந்தது. ஞாயிறு காலையில் பார்த்தால் நாலு ஸ்டார். மாப்பிள்ளையின் அண்ணன் எதிர்பார்த்த மாதிரியே போனைத் தட்டிப் படித்துவிட்டு, “வெளிநாட்டுக்காரரே நேர்மையானவருனு எழுதியிருக்காரே” என்று சபையில் சத்தமாகச் சொன்னாராம். தை மாதம் கல்யாணம்.

நெதர்லாந்துக்காரர் ‘ஃப்ராடு’ என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. சுத்தமான மனிதர், சொல்லை வீணாக்காமல் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார். இப்போது அது இப்படி இருக்கிறது: ‘உரிமையாளர் மிக நேர்மையானவர். டீ பிரமாதம். ஃப்ராடு, அவருக்கு இங்கிலீஷ் எழுதிக் கொடுக்கும் அம்மாள். பக்கத்துத் தெருவில் இருக்கிறார்.’

அதன் கீழே ‘பயனுள்ள தகவல்’ என்ற பட்டனை இதுவரை ஏழு பேர் அழுத்தியிருக்கிறார்கள். முதல் ஆள் என் வீட்டுக்காரர்.