ஜெமீலா வெதுப்பகத்தின் நீண்ட பலகை

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த ஒரு கோப்பிக்கடைக்கு மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பலகையில் மேலே ஆங்கிலப் பெயர், பழங்கால அச்செழுத்துப் பாணியில். தடித்த தண்டு, மெல்லிய இணைப்பு, அடியில் சின்னப் பாதம், வளைவு முடிகிற இடத்தில் ஓர் உருண்டைத் துளி. பார்க்க ஆசையாக இருந்தது. அதன் கீழே தமிழ். கணினியோடு கூடவே வருகிற அந்தச் சோகை பிடித்த எழுத்து, கொழும்புக் காலி வீதியின் நெரிசல் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்கிற ஆள் மாதிரி இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டுக் கிடந்தது.

"அம்மா, உள்ள வாங்கோ. எல்லாரும் பாக்கினம்," என்றாள் மகள். பார்க்கட்டும்.

உள்ளே போனால் அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாண் வாசம். கோப்பி மறந்துபோய் எனக்குக் கொட்டாஞ்சேனை ஞாபகம் வந்துவிட்டது.

கொள்ளுப்பிட்டியில் பெயர்ப்பலகை வடிவமைக்கிற ஒரு சிறிய கந்தோரில்தான் எனக்கு முதல் வேலை. முதல் மேசையில் ஆங்கிலம், அடுத்ததில் சிங்களம், மிஞ்சுகிற இடத்தில் தமிழ். அந்த மிஞ்சுகிற இடம்தான் நான். தமிழ்ச் சொற்களோ நீளம். ஆகவே எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி உள்ளே தள்ளிவிடுவது அங்கே வழக்கம். ஒருவரும் அதைப் பிழையாக நினைக்கவில்லை, யாழ்ப்பாணத்தவரான எங்கள் முதலாளி உட்பட. நானும் திறமாகவே நெருக்குவேன். அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஹாஜியார் வந்தார். தன் பேக்கரிக்கு உம்மாவின் பெயரை வைத்திருந்தார், ஜெமீலா வெதுப்பகம் என்று. வாப்பா காலத்து பிஸ்கட் தகரங்களில் இருந்த மாதிரி எழுத்து வேண்டுமாம். ஆங்கிலத்துக்கு அப்படியொன்று கணினியில் இருந்தது. சிங்களத்தைப் பக்கத்து மேசை நிமல் கையால் வரையத் தொடங்கினான். தமிழுக்கு ஒன்றுமில்லை.

"உம்மாக்குத் தமிழ் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும், மகள்," என்றார் ஹாஜியார் என்னைப் பார்த்து. "கடைக்கு முன்வீட்டு மாடியிலதான் இருக்காங்க. கண்ணும் மங்கல். அவங்கட பேர அவங்க அங்கெருந்தே வாசிக்கணும்."

அன்றே வேலையைத் தொடங்கினேன். ஆங்கில எழுத்தின் பாதங்களை அப்படியே எடுத்துத் தமிழ் எழுத்துகளின் அடியில் ஒட்டினேன். ஹாஜியார் வந்து பார்த்தார். "இதென்ன, எழுத்துக்கெல்லாம் சப்பாத்து போட்டீக்கி?" என்று கேட்டார். கந்தோரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, கழிவறைக்குள் போய் அழுதேன். அழுது முடித்து வந்து முதலிலிருந்து தொடங்கினேன். பிடித்தால் விடமாட்டாள் என்று அம்மா என்னைச் சொல்வார்; அது புகழ்ச்சியல்ல.

தண்ணீர் எடுக்க நிமலின் மேசையைத் தாண்டியபோதுதான் கண்டேன். சிங்களத்திலும் ஜெமீலாவுக்கு முன்னால் நம்முடைய ஒற்றைக்கொம்பு மாதிரியே ஒரு கொம்பு. நிமல் அதற்குப் பாதம் வைக்கவில்லை. சுழி முடிகிற இடத்தில் ஆங்கிலத்தின் அந்த உருண்டைத் துளியை மட்டும் வைத்திருந்தான். தண்ணீரை மறந்து ஓடிவந்து என் பாதங்களையெல்லாம் அழித்தேன். ஜெ, வெ இரண்டின் கொம்பிலும் துளி வைத்தேன். வளைவுகளின் வயிற்றைத் தடிப்பாக்கினேன். எழுத்துக்கு உயிர் வந்தது.

நிமல் எட்டிப் பார்த்தான். என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிடுவான். "நங்கி, அது என்ட கொம்புவ தானே!"

"இப்ப எங்கட கொம்பு," என்றேன்.

ஆனால் தடித்த எழுத்துக்கு இடம் போதவில்லை. "தமிழ் எப்பவும் நீட்டுத்தான், பிள்ளை. நெருக்கிவிடு. ஆர் பாக்கப்போயினம்?" என்றார் முதலாளி. நெருக்கிப் பார்த்தேன். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப்போயின. மாடியிலிருந்து பார்க்கிற மங்கல் கண்ணுக்கு அது வெறும் கறை.

"நான் நெருக்கமாட்டன்," என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். முதலாளி ஹாஜியாருக்கு போன் எடுத்து என்னைப் பற்றி முறைப்பாடு வைத்தார். மறுமுனையில் ஹாஜியார் கத்தியது எனக்கே கேட்டது: "செவரு நம்மடதானே! போர்ட நீட்டுங்க!"

நீட்டினோம். ஆங்கிலமும் சிங்களமும் தமிழின் அகலத்துக்கு விரிந்து நின்றன. பலகை கடைவாசலைத் தாண்டி அடுத்த ஜன்னலுக்கு மேலும் போனது. அதை ஏற்றிய அன்று உம்மா மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஜெ... மீ... லா..." என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு கீழே நின்ற மகனிடம், "பாண் கருகுது போலீக்கி, போய்ப் பாரு," என்றார். அன்றைக்குப் போல நான் என் வேலையில் சந்தோஷப்பட்டதில்லை.

இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி. உம்மா இல்லை, ஹாஜியாரும் இல்லை. நிமல் மெல்பேர்ணில். பலகை எங்கே போனதென்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

கோப்பிக்கடை மனேஜரைக் கூப்பிட்டு, தமிழை நானே வரைந்து தருகிறேன், ஆனால் நெருக்கக்கூடாது என்றேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இடம் காணாது, அன்ரி."

"சுவர் உங்கடதானே. போர்டை நீட்டுங்கோ."

"சுவர் எங்கடையில்லை, அன்ரி. இந்த அளவுக்குத்தான் வாடகை."

பலகை போனதைவிட, சுவர் நம்முடையது என்று போனில் கத்துகிற ஆள் போனதுதான் அப்போது உறைத்தது. இத்தனை காலம் கழித்து ஹாஜியாருக்காக அந்த மேசையில் கண் கலங்கினேன்.

கோப்பி என்று எழுத இரட்டைக்கொம்பு வேண்டும். அப்படித் துளி வைத்து நான் இதுவரை வரையாதது. டிஷ்யூவை விரித்து, மகளின் பையிலிருந்து பேனையை எடுத்து, ஒரு கொம்பு வரைந்து, அதன் சுழியில் துளியை வைத்தேன்.

"அப்ப இங்கிலீசைச் சின்னனாக்குங்கோ," என்றேன்.