யாரோ, எந்த ஊரோ

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்து விற்கும் ஒருவரை எனக்குத் தெரியும். பட்டறை முழுக்கத் தூசு பறந்தாலும் அவர் சலவைச் சட்டை மட்டும் பளிச்சென்றிருக்கும். டீயில் எறும்பு விழுந்தால் மெல்ல எடுத்து, ஊதி உலர்த்தி, சுவரில் விட்டுவிட்டுத்தான் குடிப்பார். அவ்வளவு இளகிய மனம்.

என் வீட்டு ஃபியூஸ் கட்டை உடைந்துபோனதால் ஒருநாள் அவர் பட்டறைக்குப் போனேன். சூளையில் விரிசல் விட்ட கட்டைகளுக்கு ஒரு பெண் வெள்ளைப் பூச்சு பூசிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பூசிய பிறகு விரிசல் தெரியவே இல்லை. நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். அவர் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

"அது வேணாங்க சார், ஷாக் அடிச்சிடும். வூட்ல புள்ளைங்க இருக்குது இல்ல?"

"அப்ப இதெல்லாம் யாருக்குங்க?"

"வெளியூர் லோடு சார். வாங்குறவன் யாரோ, எந்த ஊரோ. தெரிஞ்சவங்களுக்குப் போயி நான் கெடுதல் பண்ணுவேனா?"

"யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா நமக்கு எப்படி சார் தெரியப்போவுது?" என்றார், என்னைத் தேற்றுகிற குரலில்.

உள்ளே போய், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்ல கட்டையாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த அக்கறை எனக்கும் இதமாகத்தான் இருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்தால், பெட்டி ஏற்ற வந்த லாரிக்கு என் வண்டி குறுக்கே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஓரமாகத் தள்ளி வழிவிட்டேன்.