எதிர்முனையில் இறங்கும் கேள்வி

தொண்ணூறுகளின் இறுதியில் வானவடிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் விமானி உரிமத் தேர்வுக்குப் படித்தேன். கருவிகளைப் பார்த்தே இறங்கும் பாடத்தில் இரண்டு முறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் பழைய தொழிற்சாலை வேலைக்கே திரும்பிவிடுவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் எந்த உயரம் வரை இறங்கலாம் என்பது விமான நிலைய வரைபடத்தின் அடியில் அட்டவணையாக இருக்கும்; விமானத்தின் வேகத்துக்கு ஏற்ப கட்டங்கள், இறங்கும் முறைக்கு ஏற்ப வரிசைகள். அந்த உயரத்துக்கு வந்தும் பாதை தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை மனைவி விடைகளோடு இருந்த பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டாள். அட்டவணையைப் பார்த்து உயரத்தைச் சொன்னேன்.

"தப்புங்க," என்றாள்.

"விமானத்தோட வேகத்துக்குத் தக்க கட்டத்தைத்தானே பார்த்தேன்?"

"கட்டம் சரி, வரிசை தப்பு. காத்து மாறிடுச்சு, சுத்தி வந்து ஓடுபாதையோட எதிர்முனையில இறங்கணும்னு கேள்வியிலயே போட்டிருக்கே. நீங்க நேரா இறங்குற வரிசையைப் படிக்கிறீங்க."

சுற்றி வந்து இறங்குவதற்கான உயரம் எப்போதும் கூடுதலாக இருக்கும். என் பயிற்சி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினோம். பல மாதங்களாக அதே பிழை. நோட்டில் தேதியும் பக்க எண்ணும் மட்டும் சரியாக இருந்தன.

"எங்க பார்த்தாலும் கம்மி உயரம்தான். இறங்கியே தீரணும்னு அவ்வளவு அவசரமா உங்களுக்கு?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவசரம் இருந்தது உண்மைதான்.

மூன்றாவது தேர்வில், எந்த முனையில் இறங்க வேண்டும் என்ற வரிக்கு அடியில் கோடு போட்ட பிறகே அட்டவணைக்குப் போனேன். இரண்டு கேள்விகளுக்குக் கூடுதல் உயரத்தை எழுதினேன். அந்த முறை தேறினேன்.