வத்சலாவின் பத்துத் தோட்டா

ஜெர்மனியில், வால்டோர்ஃபில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அடுத்தவர் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பது வத்சலாவின் வேலை. சனிக்கிழமைகளில், ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போவாள். அங்கே அவள் ஒருத்திதான் இந்தியப் பெண். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சங்கத்துத் துப்பாக்கி எதை எடுத்தாலும் அவள் தோளுக்கும் கைக்கும் நீளம் கூடுதல். உரிமத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்தாள். ரவிக்கைக்குக் கொடுப்பதுபோல் கை, கழுத்து எல்லாம் அளவு கொடுத்துத் தனக்கென்றே ஒன்று செய்யச் சொன்னாள். ஒவ்வொரு முறை சுட்டதும் வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கி.

2007 பிப்ரவரியில், வசந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளன்று, அது தள்ள மறுத்தது.

பத்துத் தோட்டா தடங்கலில்லாமல் சுட்டுக் காட்டினால்தான் போட்டியில் சொந்தத் துப்பாக்கிக்கு அனுமதி. ஒரு மணிக்கு மைதானத்தை மூடிவிடுவார்கள். அக்கம்பக்கத்தாருக்கு மத்தியான ஓய்வு; சத்தம் கூடாது. முதல் தடவை மூன்றாவதில் சிக்கியது. தோட்டா வெடிக்கும்போது கிளம்பும் வாயுதான் வெற்றுத் தோட்டாவைத் தள்ளும். அந்த வாயுவைக் கூட்டும் திருகை ஒரு படி திறந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, மறுபடி சுட்டாள். நான்காவதில் சிக்கியது. இன்னொரு படி. மறுபடியும் மூன்று.

மைதானப் பொறுப்பாளர் ப்ரென்னர் பதிவேட்டில், 'தனியாகச் செய்த துப்பாக்கி, நம்பத்தகாதது' என்று எழுதினார். சிறுவர் பிரிவில் சின்ன அளவில் ஒன்று இருப்பதாகவும், வேண்டுமானால் அதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அன்பாகவே சொன்னார். வேண்டாம் என்றாள் வத்சலா.

துப்பாக்கியைக் காலிசெய்து திறந்து, உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜில் வைத்த வெண்ணெய் மாதிரி கிரீஸ் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவள் தூத்துக்குடிக்காரி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இரும்பைச் சும்மா விட மனம் வராது. முந்தின நாள் இரண்டு விரல் நிறைய அள்ளித் தடவியிருந்தாள். ஜெர்மன் குளிரில் அது இறுகி, உள்ளே ஓடவேண்டியதைப் பிடித்து வைத்திருந்தது.

பின்னால் பெஞ்சில் கணவர் அனந்தராமன் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வத்சு, விட்டுடேன். நம்ம பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு இந்த ஊர்ல துப்பாக்கிக்காக ஆர்க்யூ பண்ணணுமா?"

"எனக்கும் அதே பாஸ்போர்ட்தான். மப்ளரக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"தொடைக்க."

கொண்டுவந்திருந்த துணியெல்லாம் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. சாம்பல் நிற மப்ளர் கறுப்பானது. திருகை, துப்பாக்கியைச் செய்தவர் வைத்துக் கொடுத்திருந்த குறிக்கே திருப்பி வைத்தாள். மணி பன்னிரண்டு நாற்பது.

ஒன்று, இரண்டு, மூன்று. வெற்றுத் தோட்டா ஒவ்வொன்றும் வலப்பக்கம் துள்ளி விழுந்தது. நான்காவதும் விழுந்தபோது அனந்தராமன் எழுந்து நின்றார். பத்தாவது விழுந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

ப்ரென்னர் கையெழுத்துப் போட்டு அனுமதிச் சீட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பதிவேட்டைக் காட்டி, மேலே எழுதியிருப்பதை அடிக்கச் சொன்னாள். அதான் அனுமதி கிடைத்துவிட்டதே, பழைய வரி யாரை என்ன செய்யப்போகிறது என்றார் அவர்.

"துப்பாக்கி சரியாகத்தான் இருந்தது. கிரீஸை அதிகம் போட்டது நான். தப்பை என் பெயரில் எழுதுங்கள்."

ப்ரென்னர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஸ்கேலை வைத்து அந்த வரியை நேராக அடித்தார். கீழே அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதினார்.

அதற்கப்புறம்தான் சீட்டை வாங்கினாள்.